கார் ஓட்டுகிறது, டிரைவர் காவல் காக்கிறார்: 'லெவல் 2' கார்களில் கவனம் ஏன் நழுவுகிறது?

2016-ம் ஆண்டு மே 7-ம் தேதி, மாலை நான்கரை மணி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் வில்லிஸ்டன் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு டெஸ்லா மாடல் எஸ் கார் மணிக்கு சுமார் 119 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. 'ஆட்டோபைலட்' வசதி ஆன் செய்யப்பட்டிருந்தது. எதிர்த்திசையில் வந்த டிரெய்லர் லாரி ஒன்று இடதுபுறம் திரும்பி, சாலையைக் குறுக்காகக் கடந்தது. கார் பிரேக் போடவில்லை. உள்ளே இருந்தவரும் போடவில்லை. டிரெய்லருக்கு அடியில் புகுந்த கார், கூரை பிய்ந்து மறுபக்கம் வெளியே வந்தது. ஓட்டுநர் உயிரிழந்தார்.

நல்ல வெளிச்சமுள்ள நேரம். அந்த லாரி குறைந்தது 7 விநாடிகளாவது ஓட்டுநர் கண்ணில் படும்படி இருந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் கணக்கிட்டது. சாதாரண காரில் 7 விநாடி என்பது தாராளமான நேரம். பிரேக்கை மிதிக்கலாம், ஹாரன் அடிக்கலாம், ஓரம் கட்டலாம். ஆனால், அந்தப் பயணத்தில் ஆட்டோபைலட் இயங்கிய 37 நிமிடங்களில், ஸ்டீயரிங் மீது கை இருந்ததாக கார் பதிவு செய்தது மொத்தமே 25 விநாடிகள்.

பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை இப்போது எதற்கு என்று தோன்றலாம். அன்று சிலர் மட்டுமே வாங்க முடிந்த அந்த வசதியின் உறவுக்காரர்கள்தான் இன்று நம்மூர் ஷோரூம்களில் 'அடாஸ் லெவல் 2' என்ற பெயரில் நிற்கிறார்கள். 2021-ல் மஹிந்திரா எக்ஸ்.யூ.வி.700, எம்.ஜி. ஆஸ்டர் என்று ஆரம்பித்து, ஹோண்டா சிட்டி ஹைப்ரிட், டாடா ஹாரியர், ஹூண்டாய் வெர்னா என வரிசை நீண்டுவிட்டது. ஐ.டி. வேலைக்குப் போய் நான்கைந்து வருடத்தில் முதல் கார் வாங்குபவர்களின் பட்டியலில்கூட இப்போது இது வந்துவிட்டது.

லெவல் 2 என்றால் என்ன?

தானாக இயங்கும் திறனை வைத்து வாகனங்களை 0 முதல் 5 வரை தரம் பிரித்திருக்கிறது எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு. இதில் லெவல் 2 என்பது, வேகம், ஸ்டீயரிங் இரண்டையும் கார் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்வது. முன்னால் போகும் வண்டி மெதுவானால் இதுவும் மெதுவாகும். லேன் வளைந்தால் இதுவும் வளையும். ஆனால், சாலையைக் கண்காணிக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க மனிதருடையது. கார் தவறு செய்தால் அதைப் பிடித்துத் திருத்த வேண்டியவர் அவர். எஸ்.ஏ.இ. கணக்கில், லெவல் 2 கார் 'ஓட்டுநருக்கு உதவும்' கார்தான். தானாக ஓடும் கார் இல்லை.

இந்த இடத்தில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அடாஸ் என்ற ஒரே பொட்டலத்துக்குள் அவசர பிரேக் வசதியும் வருகிறது. அதில், மனிதர் ஓட்டுவார், இயந்திரம் காவல் இருக்கும். அவர் அசந்த நேரத்தில் அது பிரேக் போடும். இந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்கிறது. பின்னால் இருந்து மோதும் விபத்துகளை இந்த வசதி ஏறக்குறைய பாதியாகக் குறைப்பதாக ஐ.ஐ.எச்.எஸ். என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு சொல்கிறது. காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் அமைப்பு என்பதால், விபத்துக் கணக்கில் அதற்கு நேரடி அக்கறை உண்டு.

லெவல் 2-ல் இந்த வேலைப் பிரிவினை அப்படியே தலைகீழ். இயந்திரம் ஓட்டும், மனிதர் காவல் இருப்பார். இதனால் விபத்து குறைந்ததா? நிசான், பி.எம்.டபிள்யூ. கார்களின் தரவுகளை ஆராய்ந்த அதே அமைப்பு, குறைந்ததாக உறுதியாகச் சொல்லும்படியான ஆதாரம் இல்லை என்று 2024-ல் அறிவித்தது. சொகுசு வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள், பாதுகாப்பு வசதியாக அல்ல என்பதுதான் அதன் சாரம்.

அலுத்துப்போகும் மூளை

இயந்திரம் களைக்காது. ஆனால், சும்மா பார்த்துக்கொண்டே இருக்கும் வேலை மனிதரை வேகமாகக் களைப்பாக்கும். இது கார்களுக்கு வெகு முன்பே தெரிந்த விஷயம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டன் விமானப் படைக்கு ஒரு தலைவலி இருந்தது. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள், நேரம் போகப்போக, திரையில் தெளிவாகத் தெரியும் புள்ளிகளையே தவறவிட்டார்கள். நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் இதை ஆராய ஒரு கடிகாரம் செய்தார். எண்கள் இல்லாத வெள்ளை முகம், ஒரே ஒரு முள். முள் சீராகத் தாவித் தாவி நகரும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே பலரின் கவனம் சரிய ஆரம்பித்துவிட்டது. 1948-ல் வெளியான முடிவு இது. உட்கார்ந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல, தூக்கம் கெட்டவர்களும் அல்ல. அந்த வேலையின் தன்மையே அப்படி.

லெவல் 2 கார், நெடுஞ்சாலையில் ஓட்டுநருக்குக் கொடுப்பது கிட்டத்தட்ட இந்தக் கடிகாரத்தைத்தான். ஆயிரம் முறை சரியாகத் திரும்பும். ஆயிரத்தோராவது முறை திரும்பாமல் போகலாம். அதைப் பிடிக்க வேண்டும்.

களைப்பில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள். நெரிசலில் கிளட்ச், பிரேக், ஹாரன் என்று இரண்டு மணி நேரம் போராடி வருவது ஒன்று. வேலை அதிகமானதால் வரும் களைப்பு. செய்வதற்கு எதுவுமே இல்லாமல் போவதால் வருவது இன்னொன்று. இரண்டாவதில் உடம்பு வலிக்காது. அதனால் ஓட்டுநருக்கே தான் களைத்திருப்பது தெரியாது. கண் திறந்திருக்கும், பார்வை சாலையில் இருக்கும், நினைப்பு இ.எம்.ஐ.யில் இருக்கும். இதோடு உண்மையான தூக்கக் குறைவும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும் என்று 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. காலை 6 மணிக்கு எழுந்து, ஆபீஸ் முடித்து, வெள்ளிக்கிழமை இரவு 11 மணிக்கு ஊருக்குக் காரை எடுப்பவரின் கணக்கும் அதேதான். 'இன்னிக்கு ராத்திரி கார் பார்த்துக்கும்' என்று அவர் நம்புவதற்கு எல்லா வசதியும் டேஷ்போர்டிலேயே இருக்கிறது.

இன்னொரு முரணும் உண்டு. இது அதிகம் பேசப்படுவதில்லை. தூக்கத்தைக் கண்டுபிடிக்கும் பழைய தொழில்நுட்பம் ஸ்டீயரிங்கை நம்பியிருந்தது. விழிப்பாக ஓட்டுபவர் ஸ்டீயரிங்கை விடாமல் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருப்பார். கண் அயரும்போது அந்தத் திருத்தங்கள் நின்று, திடீரென்று ஒரு பெரிய வெட்டு வரும். அந்த வித்தியாசத்தைக் கண்டதும் டேஷ்போர்டில் காபி கோப்பைப் படம் ஒளிரும். ஆனால், லேனுக்கு நடுவே காரை வைத்திருக்கும் வசதியை ஆன் செய்துவிட்டால், அந்தத் திருத்தங்களைச் செய்வது காரே. தூக்கத்தைக் காட்டிக்கொடுக்க வேண்டிய தடயத்தை காரே அழித்துவிடுகிறது.

கையைப் பார்ப்பதா, கண்ணைப் பார்ப்பதா?

ஓட்டுநர் விழித்திருக்கிறாரா என்று சோதிக்க நிறுவனங்கள் முதலில் எடுத்த வழி மலிவானது. ஸ்டீயரிங் மீது லேசான அழுத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் சில விநாடிகள் கழித்து எச்சரிக்கை ஒலி.

இதை ஏமாற்ற மனிதர்களுக்கு அதிக நாள் ஆகவில்லை. அமெரிக்காவில் ஸ்டீயரிங்கில் மாட்டும் எடைக்கட்டியையே 'ஆட்டோபைலட் பட்டி' என்ற பெயரில் விற்றார்கள். 2018-ல் அரசு அதற்குத் தடை போட்டது. நம்மூரில் அந்த வேலையைத் தண்ணீர் பாட்டில் செய்தது. ஸ்டீயரிங்கில் பாட்டிலைக் கட்டிவிட்டு, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரீல்ஸ் எடுத்தவர்களின் வீடியோக்கள் இப்போதும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஏமாற்றாதவர்களும் வேறு விதமாகப் பழகிக்கொள்கிறார்கள். டெஸ்லா ஓட்டுநர்களை நீண்ட நாள் கவனித்த ஐ.ஐ.எச்.எஸ். ஆய்வு ஒன்று 2024-ல் வந்தது. எத்தனை விநாடிக்கு ஒருமுறை எச்சரிக்கை வரும் என்பது நாளாக ஆக அவர்களுக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. சத்தம் வந்ததும் ஸ்டீயரிங்கை லேசாக ஒரு தட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து பழைய வேலை. பெரிய எச்சரிக்கைகளின் எண்ணிக்கை குறைகிறது; காகிதத்தில் பார்த்தால் ஓட்டுநர் திருந்திவிட்ட மாதிரி இருக்கும். உண்மையில் அலாரத்துக்கு ஏற்ப கவனத்தைத் துண்டு போட அவர் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இதற்கு மாற்றுதான் கேமரா. அகச்சிவப்பு ஒளியில் இருட்டிலும் முகத்தைப் பார்க்கும். இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, பார்வை எந்தப் பக்கம், தலை தொங்குகிறதா என்று கணக்குப் போடும். ஜெனரல் மோட்டார்ஸின் 'சூப்பர் க்ரூஸ்' 2017-லேயே இதைக் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலைக்குப் பிறகு பதிவாகும் எல்லாப் புதிய கார்களிலும் தூக்கக் கலக்க எச்சரிக்கை கட்டாயம். கவனச் சிதறலைக் கண்டுபிடிக்கும் வசதி, அதே மாதத்திலிருந்து புது மாடல்களுக்கும், 2026 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம்.

கேமரா இருந்தால் போதுமா? 2024 மார்ச்சில் ஐ.ஐ.எச்.எஸ். 14 லெவல் 2 வசதிகளைச் சோதித்தது. ஓட்டுநரைச் சரியாகக் கண்காணிக்கிறதா, கவனிக்காவிட்டால் என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி. 11 வசதிகள் 'மோசம்'. இரண்டு 'சுமார்'. 'ஏற்கத்தக்கது' என்ற தரத்தை எட்டியது லெக்ஸஸின் ஒரே ஒரு வசதி. 'நன்று' யாருக்கும் கிடைக்கவில்லை. கேமரா பார்ப்பது கண்ணைத்தானே தவிர, கவனத்தை அல்ல. சாலையை வெறித்துப் பார்த்தபடி வேறு உலகத்தில் இருப்பவரை அது 'விழிப்பாக இருக்கிறார்' என்றே எழுதிக்கொள்ளும்.

கடைசி நான்கு விநாடிகள்

2025 மார்ச் 29 இரவு, சீனாவின் அன்ஹுய் மாகாணத்தில் ஷாவ்மி எஸ்.யு.7 கார் ஒன்று விபத்துக்குள்ளாகி, அதில் இருந்த மூன்று கல்லூரி மாணவிகள் இறந்தார்கள். நெடுஞ்சாலையில் பராமரிப்புப் பணிக்காகப் பாதையை மறித்துத் திருப்பி விட்டிருந்தார்கள். கார் மணிக்கு 116 கி.மீ. வேகத்தில் ஓட்ட உதவி வசதியோடு போய்க்கொண்டிருந்தது. நிறுவனம் வெளியிட்ட விவரப்படி, மோதுவதற்கு ஏழெட்டு நிமிடங்களுக்கு முன்பு 'ஸ்டீயரிங்கைப் பிடியுங்கள்' என்ற எச்சரிக்கை வந்திருக்கிறது. தடை இருப்பதைக் கண்டு கார் இறுதி எச்சரிக்கை கொடுத்ததும், ஓட்டுநர் உடனே ஸ்டீயரிங்கைப் பிடித்து பிரேக்கும் போட்டார். அந்த எச்சரிக்கைக்கும் சிமென்ட் தடுப்பில் மோதியதற்கும் இடையே இருந்தது 2 முதல் 4 விநாடிகள்.

116 கி.மீ. வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 32 மீட்டர் கடக்கும். நான்கு விநாடி என்றால் சுமார் 130 மீட்டர். அதற்குள் நிமிர்ந்து பார்த்து, என்ன நடக்கிறது என்று புரிந்து, இடதா வலதா என்று முடிவெடுத்து, கையையும் காலையும் வேலை செய்ய வைக்க வேண்டும். 2017-ல் பிரிட்டனின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானியங்கி நிலையிலிருந்து காரை மனிதர் திரும்ப வாங்கிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்று சிமுலேட்டரில் அளந்தார்கள். அவசரம் ஏதும் இல்லாத சூழலில் 1.9 விநாடியில் வாங்கியவரும் இருந்தார், 25.7 விநாடி எடுத்துக்கொண்டவரும் இருந்தார். அவசரத்தில் மனிதர் வேகமாகச் செயல்படுவார் என்பது உண்மைதான். ஆனால், கையைப் பிடிப்பது வேறு, நிலைமையைப் பிடிப்பது வேறு.

'விமானத்தில் ஆட்டோபைலட் இல்லையா, அங்கே பைலட்டுகள் சமாளிக்கவில்லையா' என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே காக்பிட்டில் இரண்டு பேர், வருடா வருடம் சிமுலேட்டர் பயிற்சி, பெரும்பாலும் நிமிடக் கணக்கில் அவகாசம். அப்படியும் 2009 ஜூன் 1-ல் ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகம் காட்டும் கருவிகள் பனியில் உறைந்து ஆட்டோபைலட் விலகியபோது, குழம்பிப்போன விமானிகளால் மீள முடியவில்லை. அவர்களுக்கு இருந்த நேரம் 4 நிமிடம் 23 விநாடி. 228 பேர் இறந்தார்கள். எளிய வேலையை எல்லாம் இயந்திரத்துக்குக் கொடுத்துவிட்டு, கடினமான வேலையை மட்டும், அதுவும் பழக்கம் விட்டுப்போன மனிதரிடம் கடைசி நொடியில் கொடுக்கிறோம் என்று லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் 1983-லேயே எழுதினார். அன்று அவர் மனதில் இருந்தவை ரசாயன ஆலைகளும் மின் நிலையங்களும்.

பழி யார் மேல்?

சட்டப்படி லெவல் 2-ல் ஓட்டுநர்தான் ஓட்டுநர். வாகனத்தோடு வரும் கையேட்டில் அது தெளிவாக இருக்கும். விளம்பரத்திலும் பெயரிலும் அந்தத் தெளிவு இருக்காது. ஷாவ்மி விபத்துக்குப் பிறகு, 2025 ஏப்ரலில், சீன அரசு கார் நிறுவனங்களை அழைத்து, விளம்பரத்தில் மிகைப்படுத்தும் சொற்களைத் தவிர்க்கச் சொன்னது.

அமெரிக்காவில் 2023 டிசம்பரில், ஓட்டுநரின் கவனத்தை உறுதி செய்யும் ஏற்பாடு போதவில்லை என்ற காரணத்தால் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை டெஸ்லா திரும்பப் பெற வேண்டியிருந்தது. 'திரும்பப் பெறுதல்' என்றால் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை, சாஃப்ட்வேர் அப்டேட்தான். அது போதுமா என்று நான்கு மாதத்திலேயே அரசு மறுபடி விசாரணை தொடங்கியது.

2025 ஆகஸ்டில் வந்த தீர்ப்பு இன்னும் கவனிக்க வேண்டியது. 2019-ல் ஃபுளோரிடாவின் கீ லார்கோவில், கீழே விழுந்த போனைத் தேடிக் குனிந்த ஓட்டுநரின் டெஸ்லா, நின்றிருந்த காரில் மோதியதில் ஓர் இளம்பெண் இறந்தார். ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டர் மீது இருந்தது, அவர் தன் தவறை ஒப்புக்கொண்டவர். இருந்தும் மயாமி ஜூரி, பழியில் 33 சதவீதத்தை டெஸ்லா மீது வைத்து, தண்டனைத் தொகையோடு சேர்த்து சுமார் 24.3 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. மேல்முறையீடு செய்வதாக நிறுவனம் கூறியது. தொகை எப்படி மாறினாலும், 'எச்சரிக்கை கொடுத்துவிட்டோம், மீதி ஓட்டுநர் பாடு' என்ற வாதத்தை ஜூரியில் இருந்த சாதாரண மனிதர்கள் முழுதாக ஏற்கவில்லை என்பதே அதில் உள்ள செய்தி.

இந்தியச் சாலையில்?

நம்மூர் சாலைகளின் குழப்பமே ஒரு விதத்தில் அலாரம் மாதிரி. ராங் சைடில் வரும் பைக், நடுவில் நிற்கும் மாடு, அழிந்துபோன லேன் கோடு. லெவல் 2 வசதி நிமிடத்துக்கு நிமிடம் கைவிடுவதால், ஓட்டுநர் அதை நம்ப வாய்ப்பே இல்லை. பலர் எரிச்சலில் அணைத்துவிடுகிறார்கள். ஆபத்து இருப்பது அது அருமையாக வேலை செய்யும் இடங்களில். நேரான, வேலி போட்ட, கோடு பளிச்சென்று தெரியும் எக்ஸ்பிரஸ்வேக்கள். 701 கி.மீ. நீளமுள்ள மும்பை–நாக்பூர் சம்ருத்தி சாலையின் முதல் பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட சில மாதங்களிலேயே 'ஹைவே ஹிப்னாசிஸ்' என்ற சொல் அடிபடத் தொடங்கியது. வளைவும் மாற்றமும் இல்லாத சாலை ஓட்டுநரை மயக்கிவிடுகிறது என்று அதற்குப் பொருள். அங்கே பேசப்பட்டது சாதாரண கார்களைப் பற்றி. அதே சாலையில் ஸ்டீயரிங் வேலையையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மேக்வொர்த்தின் கடிகாரம்தான். சுமார் 260 கி.மீ. பெங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ்வேயும் அதே அச்சில் உருவாகும் சாலை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 மார்ச்சில் வெளியிட்ட வரைவு விதிகள், தூக்கக் கலக்க எச்சரிக்கை, அவசர பிரேக், லேன் விலகல் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்கப் பார்க்கின்றன. இரவெல்லாம் ஓடும் வண்டிகள் என்பதால் முதலில் பஸ், லாரி என்று தொடங்கியதில் நியாயம் உண்டு. ஆனால், அந்த வரைவு எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும் வண்டிகளையும் கனரக, நடுத்தர லாரிகளையும் பற்றியது. லெவல் 2 வசதியோடு விற்கும் ஐந்து சீட், ஏழு சீட் கார்கள் அதில் வராது.

அதனால் இப்போதைக்கு, விசாரிக்க வேண்டியவர் கார் வாங்குபவரே. ஷோரூமில் சன்ரூஃப் பற்றிக் கேட்கும் நேரத்தில் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். இந்த மாடலில் ஓட்டுநரின் கண்ணைப் பார்க்கும் கேமரா இருக்கிறதா, அல்லது ஸ்டீயரிங்கைத் தொட்டாலே போதுமா? எச்சரிக்கையைக் கண்டுகொள்ளாவிட்டால் கார் கடைசியில் என்ன செய்யும்: வேகத்தைக் குறைத்து நிற்குமா, அல்லது சத்தம் போட்டுவிட்டு வசதியை அணைத்துக்கொள்ளுமா? தூக்கம் வந்துவிட்டால் எந்த லெவலும் உதவாது. டோல்கேட் தாண்டி விளக்கு வெளிச்சம் உள்ள இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு 15 நிமிடம் கண்ணை மூடுவதுதான் வழி. காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும் என்பதால், குடித்த பிறகு தூங்குவதே சரியான வரிசை.